இருபத்து நான்காவது கட்டம்

அய்யம்பெருமாள் கங்காணியின் பெயர் அவரோடு முடியவில்லை. அதுதான் கோளாறு.

முடியாத பெயர் பக்கத்துப் பெயருக்குள் ஓடியது, அங்கேயும் நிற்க இடமில்லாமல் அதற்கடுத்த பெயருக்குள் ஓடியது, உடைந்த பாத்தியில் உப்புத்தண்ணீர் இறங்குவது மாதிரி ஆள் ஆளாக இறங்கிக்கொண்டே போனது. அளத்தங்கரைக்காரர்கள் ஒரு வாரம் முணுமுணுத்தார்கள். எட்டாம் நாள் பழகிக்கொண்டார்கள்.

பெயர்களை இயந்திரத்தில் ஏற்றியவர் கோயில்பிச்சை. உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் முப்பது வருசமாகக் கணினி பார்ப்பவர், வயது அறுபத்தொன்று, ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்டால் எழுந்து போய்விடுகிறவர். பாலிடெக்னிக் படித்தவர் என்று அவரைச் சேர்த்துக்கொண்ட புதிதில் சங்கம் ஒரு பச்சைத் திரைக் கணினி வாங்கியது, அதற்கு வேண்டிய நிரல் முழுவதையும் சி மொழியில் அவரே எழுதினார். எழுத்துகளை நகலெடுக்கச் செயற்கூறு என்கிற சின்ன நிரல்துண்டு ஒன்று, இரண்டு பெயர்களை ஒட்ட ஒன்று, பெயரின் நீளம் அளக்க ஒன்று, ஒப்பிட ஒன்று. எல்லாம் அந்த மொழியிலேயே தயாராக இருந்தன. அடுத்தவன் செய்து வைத்ததில் அவருக்கு நம்பிக்கை இல்லை. தன் கையால் செய்தார்.

சி மொழியில் எழுத்துகளை வரிசையாக அடுக்கினால் அந்த வரிசை எங்கே முடிகிறது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. கடைசி எழுத்துக்கு அடுத்த கட்டத்தில் ஒரு பூச்சியம் வைக்க வேண்டும், அந்தப் பூச்சியத்தைக் கண்டால்தான் படிக்கிற கை நிற்கும், காணாவிட்டால் அடுத்த கட்டத்தில் கிடப்பது யாருடைய எழுத்தாக இருந்தாலும் படித்துக்கொண்டே போகும். இது முதல் நாள் பாடம். கோயில்பிச்சைக்குத் தெரியாததல்ல. அவருடைய நகலெடுக்கும் செயற்கூறு ஆங்கில எழுத்தில் பெயருக்கு இருபத்து நான்கு கட்டம் ஒதுக்கியது. பெயர் முன்னாலேயே தீர்ந்தால் மிச்சத்தில் பூச்சியம் வைக்கும். இருபத்து நான்கும் நிறைந்தால் சும்மா நின்றுவிடும். இருபத்து நான்கு எழுத்தில் எவன் பெயர் வைக்கப் போகிறான் என்று நினைத்தார்.

வேறு ஊராக இருந்தால் அது சரிதான். அளத்தங்கரையில் ஒருவனும் கட்டத்தைக் காலியாக விடமாட்டான். அந்தக் காலத்தில் விடியும்போது தண்ணீர் ஏறாமல் காய்ந்து கிடக்கிற பாத்தியை அளத்து முதலாளி அன்றைக்கே வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான், அதனால் காய்ச்சல் கண்டவனும் எழுந்து வந்து பாத்தியை நிறைத்துவிட்டுத்தான் படுப்பான், அந்தப் பயம் மூன்று தலைமுறை தாண்டி ரத்தத்தில் ஊறிவிட்டது. சங்கத்தின் விண்ணப்பத்தில் சின்னச் சின்னக் கட்டங்களைக் கண்டதும் அவர்களுக்குப் பாத்தி ஞாபகம்தான் வந்தது. தன் பெயர் போதாதென்று அப்பன் பெயரைச் சேர்த்தார்கள், அதுவும் போதாதென்று தாத்தன் பெயரில் பாதி, குலசாமி பெயரில் கால், கடைசிக் கட்டம் நிறைகிறவரை விடவில்லை. கோயில்பிச்சையும் அந்த ஊரில் பிறந்தவர்தான். ஒரு கட்டத்தைச் சும்மா போட அவர் கைக்கும் வரவில்லை.

நானூற்றுப் பதினோரு பெயரும் முப்பது வருசம் இயந்திரத்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கெடுதல் ஒன்றுமில்லை. முப்பதாம் வருசம் மாசி மாதம் சங்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் அட்டை அச்சடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது.

முதலில் அறுபத்திரண்டாம் நம்பர் சித்திரையப்பன் குடித்தான், அறுபத்து மூன்றிலிருந்து எழுபதுவரை எட்டுப் பேர் பட்டப்பகலில் அளத்துக்கு நடுவே தள்ளாடினார்கள், அதற்கப்பால் போகும்போது போதை நீர்த்துப்போனது. எட்டுப் பேரும் தெளிந்ததும் போய் அவனை அடித்தார்கள், அந்த அடி எட்டுப் பேருக்கும் வலித்தது, அதன் பிறகு அவன் குடிக்கவில்லை. ஊரில் இதனால் நடந்த ஒரே நல்ல காரியம் அது. அப்புறம் ஒருத்தன் காலில் முள் தைத்துப் பதினோரு பேர் நொண்டினார்கள். கம்பவுண்டர், வருகிறவனிடம் என்ன செய்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டு உன் முன் நம்பர்காரன் யார் என்று கேட்க ஆரம்பித்தார், கேட்டுவிட்டு மருந்தை அந்த முன் நம்பர்காரனுக்குக் கொடுத்தனுப்பினார். பெண் பார்க்கப் போகிற இடத்தில் சாதகத்தோடு அட்டையையும் கேட்டார்கள். காலையில் கெட்ட மீன் வாங்குகிறவனைப் பின்னால் உள்ள பத்துப் பேர் வழிமறித்துக் கூடையை மோந்து பார்த்தார்கள்.

நூற்று நாற்பத்தொன்பதாம் நம்பர் மரியான் மட்டும் திடீரென்று பெரிய மனிதன் ஆனான். அப்பன் பெயர் தெரியாமல் கோயில் வாசலில் வளர்ந்தவன், நிரப்பப் பெயரில்லாமல் ஆங்கிலத்தில் ஏழே எழுத்து எழுதி மற்றதைக் காலியாக விட்டவன், அதற்காக முப்பது வருசம் கேலி பட்டவன். மேலேயிருந்து வருவது அவனுக்கும் வரும், அவனைத் தாண்டிப் போகாது. அவனுக்குப் பின்னால் உள்ளவர்கள் அவனைக் கண்டால் இப்போது கும்பிட்டார்கள். மரியான் அதை ரசிக்கவில்லை. சும்மா கிடங்கவே என்பான்.

இப்படியே போயிருந்தால் ஊர் இதையும் ஒரு மழை மாதிரி, ஒரு வெயில் மாதிரி எடுத்துக்கொண்டிருக்கும். பங்குனியில் அய்யம்பெருமாள் கங்காணிக்குச் சாவு வந்தது.

கங்காணிக்கு எழுபத்தெட்டு. நம்பர் நூற்றுப் பதினேழு. நுரையீரல் இரண்டும் போய்விட்டது, இரண்டு நாள் தாங்கும், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் போனது. பத்து நாள் போனது. கங்காணி எழுந்து உட்கார்ந்து, எவன்லே என் பாத்தியில வாராம விட்டது என்று வாசல் பக்கம் பார்த்துச் சத்தம் போட ஆரம்பித்தார். அவருடைய சாவு அவரிடம் நிற்கவில்லை. நூற்றுப் பதினெட்டிலிருந்து நூற்று நாற்பத்தொன்பதுவரை முப்பத்திரண்டு பேருக்குள் இறங்கி, பக்கத்தில் உள்ளவருக்கு ஆளை அமுக்குகிற அளவு, தள்ளிப் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக, மரியானிடம் போய்ச் சேரும்போது ஒரு செருமலாக, எல்லோரிடமும் தேங்கிக் கிடந்தது. முப்பத்து மூன்று பேரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தார்கள், ஒரே சமயத்தில் விட்டார்கள். அளத்தில் நின்று கேட்டால் ஊரே ஒரு துருத்தி மாதிரிக் கேட்கும்.

நூற்றுப் பதினெட்டு, ஞானக்கனி. கோயில்பிச்சையின் அக்காள்.

அறுபத்தாறு வயது. கலியாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவள் தலையில் சுமந்த உப்பில்தான் தம்பி படித்தார், அவள் கழுத்தெலும்பு வளைந்த வளைவில்தான் அவருக்குச் சி மொழி வந்தது, இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மறந்ததும் இல்லை. பங்குனி முடியும்போது அவளால் குடம் தூக்க முடியவில்லை. சித்திரையில் எழுந்திருக்க முடியவில்லை. அவள் அசையாமல் படுத்தால் கங்காணி நன்றாகக் கஞ்சி குடிக்கிறார், பின்னால் உள்ளவர்களுக்கும் மூச்சு லேசாகிறது என்று ஊர் கண்டுபிடித்தது. உடனே வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துக்கொண்டு வந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், விசிறினார்கள், எந்திரிக்காத தாயி, அசையாத தாயி என்று அன்பாகச் சொன்னார்கள். அன்பில் குறை சொல்ல முடியாது. அவள் நாளுக்கு நாள் பாயோடு பாயானாள்.

கங்காணி பிழைத்து உட்கார்ந்த முதல் வாரமே கோயில்பிச்சை கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். பரணிலிருந்து ஓரத்தில் ஓட்டை போட்ட பழைய அச்சுத்தாளை இறக்கி, நகலெடுக்கும் செயற்கூற்றைப் பார்த்தார். பதினேழு வரி. பதினெட்டாவதாக ஒன்று இருந்திருக்க வேண்டும். நீளம் அளக்கும் செயற்கூற்றை எடுத்து அய்யம்பெருமாள் பெயரை அளந்தார். எழுநூற்று எழுபத்தைந்து எழுத்து என்றது. தாளை மடித்து வைத்துவிட்டு, நிரலில் தப்பில்லை, நீங்கள் நிரப்பிய முறைதான் தப்பு என்று சங்கத்துக் கமிட்டியில் சொன்னார். அந்த ஒரு பொய்க்காக அவர் பின்னால் சோறு தின்ன முடியாமல் கிடந்தார், அது வேறு.

கட்டத்தை இருபத்தைந்தாக்கிவிடலாம் என்று முதல் பத்துப் பேரை மட்டும் ஒரு கட்டம் நகர்த்திப் பார்த்தார். மறுநாள் காலையில் ஒருத்தியின் தாய்ப்பால் அடுத்த நம்பரில் உள்ள கிழவனுக்குச் சுரந்தது, பிள்ளை பசியில் கத்தியது, கிழவன் வெட்கத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டான். சாயங்காலத்துக்குள் பழையபடி மாற்றிவிட்டார். கமிட்டி கூடி, இனிமேல் கைநாட்டு இல்லாமல் ஒருவன் கட்டத்திலும் கை வைக்கக் கூடாது, வைத்தால் அடுத்தவன் பாத்தியில் மண்வெட்டி வைத்த மாதிரி என்று எழுதிக்கொண்டது. அந்த ஊரில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

மிச்சம் ஒரே வழி. இருபத்து நான்காவது கட்டத்தில் உள்ள எழுத்தை எடுத்துவிட்டு அங்கே பூச்சியம் வைப்பது. அதற்கு ஆளாளுக்குக் கடைசிக் கட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒருவரும் முன்வரவில்லை. நான் மட்டும் ஏன் என்றார்கள்.

கோயில்பிச்சை கங்காணி வீட்டுக்குப் போனார். கங்காணி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவர் வீட்டம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள். ஒடிசலான கிழவி. நாற்பது வருசமாக அளத்தில் அவளுக்கு ஒரே வேலை, வரப்பு மிதிப்பது. களிமண்ணைக் குழைத்துக் கரை போட்டு, தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து இன்னொன்றுக்குக் கசியாமல் குதிகாலால் மிதித்து இறுக்குவது. சங்கத்தில் அவள் உறுப்பினர் இல்லை. பாத்தி புருசன் பேரில் இருந்தது.

"அண்ணாச்சி, கடைசிக் கட்டத்தை விட்டுக்குடுங்க" என்றார் கோயில்பிச்சை. சுற்றிவளைக்க அவருக்கு வராது.

"நீரு கட்டம் போட்டீரு. நான் நெறைச்சேன். தப்பு யாருதுவே?"

"என்னுதுதான்."

அந்த வார்த்தையை அவர் முதல் தடவையாகச் சொன்னார். கங்காணிக்கு அது போதவில்லை. இருபது வயதில் அப்பா செத்த அன்றைக்கு ஒரே ஒரு நாள் பாத்தியைக் காயவிட்டதையும், பிணம் எடுக்குமுன் அது அடுத்தவனுக்குப் போனதையும், குழிமேட்டிலிருந்து திரும்பி வரும்போது அந்த அடுத்தவன் அதில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நின்றதையும் மூச்சு வாங்காமல் சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் பேசும்போது நாலு வீடு தள்ளி ஞானக்கனி மூச்சிரைத்தாள். இரண்டு பேருக்கும் கேட்டது.

"எனக்கு உள்ளத எனக்கே வச்சிக்கிட்டா நான் போயிருவேன்லா. அதத்தான சொல்லுதீரு?"

"ஆமா."

"அப்பம் போயிட்டு வாரும்."

வீட்டம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, இரைச்சல் வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வைகாசி முதல் வியாழக்கிழமை காலை, பின்னால் உள்ள முப்பத்தொரு பேரும் கோயில்பிச்சை வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள். கோபமாக வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். ஞானக்கனி தன் கடைசிக் கட்டத்தை விட்டுக்கொடுத்தால் கங்காணியுடையது அவளோடு நின்றுவிடும், நாங்கள் பிழைத்துக்கொள்வோம், எங்களில் பிள்ளை உண்டாகியிருப்பவள் இருக்கிறாள், செத்த அம்மாவின் நம்பரில் வந்த பதினெட்டு வயதுக்காரி இருக்கிறாள் என்று சொன்னார்கள். சொல்லும்போதே முப்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் மூச்சுக்கு நிறுத்தினார்கள், ஒரே நேரத்தில் தொடர்ந்தார்கள். மரியான் மட்டும் கடைசியில் நின்றுகொண்டு, இது அசிங்கம்வே, நான் இதுக்கு வரல, கூட்டியாந்துட்டானுவ என்றான். அவனை யாரும் கேட்கவில்லை. முழுவதும் அவளிடம் தேங்கினால் அவள் ஒரு நாள் தாங்கமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லவில்லை.

கோயில்பிச்சை வெளியே போங்க என்றார். உள்ளேயிருந்து ஞானக்கனி கூப்பிட்டாள்.

"ஏலே பிச்சை, மை கொண்டா."

"பேசாம படு."

"பதினெட்டு வயசுப் பிள்ளைலே. மை கொண்டா."

அவள் விரலைப் பிடித்து மையில் தோய்த்தது வந்தவர்களில் ஒருத்திதான். அவர் பிடிக்கவில்லை. தாளை மட்டும் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குச் சங்கத்தில் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். வெளியே உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைப் பறித்தன. கமிட்டிக்காரர்கள் வாசலில் காத்திருந்தார்கள். நூற்றுப் பதினெட்டைத் திரையில் கொண்டுவந்தார். இருபத்து நான்காவது கட்டத்தில் சிமிட்டுகிற கோட்டை நிறுத்தினார். அக்காளின் பெயரில் கடைசி எழுத்து அவர்களுடைய அப்பாவின் பெயரில் பாதியில் நின்றது. ஒரு விசை. விரல் போகவில்லை. முப்பது வருசமாக அடித்த விசைதான். கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கங்காணி வீட்டம்மா உள்ளே வந்தாள். கமிட்டிக்காரர்கள் தடுக்கவில்லை, அவளை யாரும் எங்கேயும் தடுத்ததில்லை, அவள் வந்தது போனது ஒருவர் கண்ணிலும் பட்டதில்லை. கையில் புருசனுடைய அட்டை இருந்தது. மேசைமேல் வைத்தாள்.

"தம்பி, இதுல உள்ள கடைசிக் கட்டத்த எடுத்துரும்."

"அண்ணாச்சி கைநாட்டு வேணும் மைனி."

"வச்சிருதேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் வலது கட்டைவிரலை நீட்டினாள். உப்பு அரித்து அரித்து ரேகை முழுவதும் போய் வழவழவென்று இருந்தது, நடுவே குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு மட்டும். கோயில்பிச்சை எழுந்து போய்ப் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். அய்யம்பெருமாள், கைநாட்டு. அய்யம்பெருமாள், கைநாட்டு. வருசா வருசம், ரேகையில்லாத ஒரு மொழுக்கை வட்டம், குறுக்கே ஒரு கோடு. கங்காணி விரலில் தழும்பு கிடையாது.

"வரிசையில நிக்கது அவருக்குக் கவுரவக் கொறச்சல்" என்றாள் அவள். "என்னத்தான் அனுப்புவாரு. ஒருத்தரும் பேரு கேக்கல. அய்யம்பெருமாளான்னாங்க. தலைய ஆட்டிட்டு வச்சிட்டு வந்தேன்."

கோயில்பிச்சை நாற்காலியில் உட்கார்ந்தார். சங்கத்தைப் பொறுத்தவரை அய்யம்பெருமாளின் கை இதுதான். ஒரு கமிட்டியும் மறுத்துப் பேச முடியாது.

"இத அழுத்துனா அண்ணாச்சி இருக்கமாட்டாரு. தெரியும்லா மைனி?"

"அவரு ரெண்டு மாசமா இல்ல. இருக்கது ஞானக்கனி."

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அவள் சொன்னாள்:

"வரப்புக்கு விடுத மண்ணுல உப்பு வெளையாது தம்பி. நாலு சாண் மண்ணு வீணாத்தான் கெடக்கும். அதுக்காவ வரப்பு வேண்டாம்னா ஒரு பாத்தியிலயும் வெளையாதுலா. நீரு பாத்தி மட்டும் போட்டுட்டீரு."

அவரிடம் சொன்னீர்களா என்று கேட்டார்.

"சொன்னேன். சவரம் பண்ணிவிட்டு, வேட்டி மாத்திவிட்டுச் சொன்னேன். ஒரு பாத்தி போச்சுன்னாரு. பொறவு கஞ்சி கேட்டாரு. குடிச்சி முடிக்கட்டும்னு இருந்துட்டு வாரேன்."

மையில் விரலைத் தானே தோய்த்தாள், தானே வைத்தாள். தாள் உலருகிறவரை ஊதினாள். கோயில்பிச்சை நூற்றுப் பதினேழுக்கு நகர்ந்து, இருபத்து நான்காவது கட்டத்தில் பூச்சியத்தை வைத்தார். பிறகு நீளம் அளக்கச் சொன்னார். இருபத்து மூன்று என்றது.

ஊரின் மூச்சு நின்றது. இரண்டு மாசமாகத் துருத்தி மாதிரிக் கேட்ட சத்தம் பாதி இழுப்பில் நின்றது, அளத்தில் உப்பு வாருகிற பலகை பிடித்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள், ஒரு நாய் எழுந்து திசை தெரியாமல் பார்த்தது. அதன் பிறகு அங்கே ஒன்று, இங்கே ஒன்று, வேகமாக ஒன்று, மெதுவாக ஒன்று என்று முப்பத்திரண்டு மூச்சு தனித்தனியாகக் கிளம்பியது. முப்பத்து மூன்றாவது கிளம்பவில்லை. வீட்டம்மா அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டில் வேலை கிடக்கிறது என்று போனாள்.

கோயில்பிச்சை சட்டைப் பையிலிருந்த தாளைக் கிழித்தார். செயற்கூற்றில் பதினெட்டாவது வரியை எழுதினார். ஒரே வரி. முப்பது வருசம். பிறகு ஓடினார், அந்த வயதில் ஓடுகிற ஓட்டம். ஞானக்கனி பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"யாருலே போனது?"

சொன்னார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு மூன்று வருசம் இருந்தாள். குடம் தூக்கவில்லை. போன மூச்சில் பாதிதான் திரும்பி வந்தது.

கங்காணியை எடுத்த மறுநாள் ஊர் வரிசையில் வந்து நின்றது. முனகிக்கொண்டே ஒவ்வொருவராகக் கடைசிக் கட்டத்தை விட்டுக்கொடுத்தார்கள். மரியான் மட்டும் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லாமல் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்தான். வலி அவரவருக்கு, காய்ச்சல் அவரவருக்கு என்று ஆனது. சித்திரையப்பன் ஒரு வாரத்தில் மறுபடியும் குடிக்க ஆரம்பித்தான், தனியாகத் தள்ளாடினான். சங்கத்தில் கோளாறைச் சரிசெய்தவர் கோயில்பிச்சை என்று பலகை எழுதி மாட்டினார்கள், மாலை போட்டார்கள். மாலையை அவர் வழியில் நின்ற ஆட்டுக்குப் போட்டார். பலகையைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார்.

பதினாறு கழிந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கங்காணி வீட்டுக்குப் போனார். பாத்தி இனிமேல் உங்கள் பேரில் மைனி, எழுத வேண்டும் என்றார். அவள் கையில் களிமண், வரப்பில் பாதி மிதித்துவிட்டு வந்திருந்தாள். புருசன் பெயரைச் சேர்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். அப்பா பெயர்? வேண்டாம். மிச்சக் கட்டமெல்லாம் காலியாகக் கிடக்குமே என்றார்.

"கெடக்கட்டும்."

பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு அவர் திணறினார். பதினேழு வரியையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர், நானூற்றுப் பதினோரு பெயரையும் நம்பர் வரிசையில் ஒப்பிக்கக்கூடியவர், நாற்பது வருசமாக நாலு வீடு தள்ளி இருக்கிறவளின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. தலை குனிந்துகொண்டு கேட்டார். அவள் சொன்னாள். ஆங்கில எழுத்தாக ஆறு கட்டத்தில் எழுதினார். பதினெட்டுக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது, ஏழாவதில் அவரே பூச்சியம் வைத்தார்.

ஆவுடை.